சம்பளக் குழு வந்த அன்று யாருக்கும் வலியில்லை

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவந்துவிடும் என்பது செஞ்சி முழுக்கத் தெரியும். அன்று காலை ஒன்பது மணிக்கே சிவக்க ஆரம்பித்துவிட்டது.

அரசு டாக்டர்களின் சம்பளத்தைத் திருத்த ஒரு குழு போட்டிருந்தார்கள். நாங்கள் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறோம் என்று பார்த்து எழுத, அதிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் கைப்பையில் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றின் வேலைக் கடிதம் கிடந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "இந்த ஆளாவது நாம படற பாட்டை ஒழுங்கா எழுதினா இங்கேயே இருக்கேன், இல்லேன்னா கிளம்பிடறேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கெடுத்தது எங்கள் சிஸ்டர். சென்னைக் கடிதத்தை அவரிடமும் காட்டியிருந்தேன். நல்ல மனசு, வாய்தான் அடங்காது. வரிசையில் நின்றவர்களிடம், "டாக்டரம்மா சம்பளத்த முடிவு பண்ண ஆபீசர் வந்திருக்கறாரு. மானத்த வாங்காம நல்லபடியா பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வழக்கமாக எங்கள் ஜனங்கள் தலைவலி என்று ஆரம்பித்தால் மருமகளில் போய்த்தான் முடிப்பார்கள். நடுவில் நாம் வாய் திறக்க முடியாது. அன்று என்னவென்றால், ஆறாத கால் புண்ணோடு மாதக்கணக்காக வரும் அவலூர்பேட்டை அம்மாள், புடவையை இழுத்துப் புண்ணை மூடிக்கொண்டு, "எனக்கு இன்னா, ஜோரா இருக்கறேன். இந்தம்மா கை பட்டாலே போதும்" என்றார். அனந்தபுரத்திலிருந்து மூச்சு வாங்க வந்தவர், கண்ணில் நீர் முட்ட இருமலை விழுங்கிக்கொண்டு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'சிறு உபாதைகள். வேலைப்பளு குறைவு.' அடப் பாவிகளா, அன்பு காட்டுகிறேன் என்று என் சம்பளத்துக்கே உலை வைக்கிறீர்களே என்று மனதுக்குள் திட்டினேன்.

அடுத்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் பாய் வந்தார். "ஒண்ணும் இல்லம்மா, பிரஷர் பாக்கலாம்னு." தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது, சட்டையோ நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே அதிகாரியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"பாய், நெஞ்சு வலிக்குதா?"

"அவர் போவட்டும்மா, அப்புறமா சொல்றேன்."

பிடித்துப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தேன். மாரடைப்பு. மாத்திரை, ஊசி, ஆம்புலன்ஸ் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். அதிகாரி பேனாவைப் போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தார். பாயின் செருப்பை எடுத்துவந்ததும் அவர்தான். வண்டியில் ஏற்றும்போது, "ஏன் பாய் மறைச்சீங்க?" என்று கத்தினேன்.

"நோவுதுன்னு சொன்னா, வைத்தியம் சரியில்லன்னு எழுதிட்டாருன்னா? சம்பளம் ஏறலன்னா நீங்க சென்னைக்குப் போயிடுவீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க" என்றார்.

அதிகாரி திரும்பி வந்து, எழுதிய பக்கத்தைக் கிழித்தார். "எல்லாரையும் மறுபடி கூப்பிடுங்க சிஸ்டர். உள்ளதைச் சொல்லச் சொல்லுங்க." சொன்னார்கள், மருமகள் கதைகள் உள்பட. மூன்று மணி வரை யாருக்கும் சாப்பாடு இல்லை. கடைசியில் அதிகாரியே வலிக்கிறது என்று தன் முட்டியைக் காட்டினார்.

சென்னைக்கு வரவில்லை என்று அன்று சாயங்காலமே போன் செய்துவிட்டேன். "அப்ப நல்லா எழுதிட்டாரா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். தெரியவில்லை என்றேன். குழுவின் அறிக்கை இன்றுவரை வரவில்லை, சம்பளமும் அதேதான்.

உடம்பு தேறிப் பாய் மாத்திரை வாங்க வந்தார். "சம்பளம் ஏத்தினாங்களாம்மா?"

"இல்ல பாய்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்த ஆபீசர மறுபடி வரச் சொல்லுங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிடறேன்."

"வலிக்குதா பாய்?" என்று ஸ்டெதஸ்கோப்பை எடுத்தேன்.

"இல்லம்மா. உங்களுக்காகத்தான்."