முயலுக்காக வந்த போலீஸ்

பள்ளிக்கூடத்துக்குப் போலீஸ் வந்திருக்கிறது என்று ஆயாம்மா மூச்சிரைக்க வந்து சொன்னபோது நான் ஏழாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன்.

"உங்களத்தான் கேக்குறாங்க மிஸ். யூனிபாரத்தோட வந்துக்கிறாங்க."

என் வண்டியின் இன்சூரன்ஸ் முடிந்து போயிருந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அதற்காகப் பள்ளிக்கூடம் வரைக்குமா தேடி வருவார்கள் என்று யோசித்துக்கொண்டே தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

அங்கே ஒரு பெண் கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டையின் முதுகு வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. தலைமையாசிரியை உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. காஞ்சிபுரம் வரதர் கோயில் உற்சவத்துக் கூட்டத்தில் விடியற்காலையிலிருந்து பந்தோபஸ்து பார்த்துவிட்டு நேராக வந்தாராம்.

"பயப்படாதீங்க மிஸ். போலீஸா வரல, அம்மாவா வந்துக்கிறேன். டிரஸ் மாத்த டைம் இல்ல, அவ்ளோதான். என் பொண்ணு இங்க ஆறாவது படிக்குது." கொஞ்சம் தயங்கினார். "முயலு விஷயமா பேசணும்."

அந்த வருடம் பள்ளி திறந்ததும், பட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு பெற்றோர் இரண்டு வெள்ளை முயல்களைக் கொடுத்திருந்தார். தலைமையாசிரியைக்கு ஒரே சந்தோஷம். வாசல் பக்கத்துத் தகரக் கொட்டகையில் கம்பிக்கூண்டு வைத்து, மேலே வண்ணப் பலகையும் மாட்டிவிட்டார். பிள்ளைகள் இரண்டுக்கும் இரண்டு சினிமா ஹீரோக்களின் பெயரை வைத்தார்கள். எந்த முயல் எந்த ஹீரோ என்று வாரம் ஒரு சண்டை நடக்கும். முயல்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை மாற்றலாகிப் போனதும், அறிவியல் டீச்சர் என்பதால் அந்த மாதம்தான் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. ஒளிச்சேர்க்கை தெரிந்தவளுக்கு முயலும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு.

"நைட்டு சோறு போட்டா அழுவுது மிஸ்," என்றார் கான்ஸ்டபிள். "இன்னாடின்னு கேட்டா, முயலு சந்தோஷமாவே இல்லம்மான்னுது. முயலு சந்தோஷமா இருக்குதா இல்லையான்னு உனக்கு எப்படிடி தெரியும்னு கேட்டேன். நீ வந்து பாரு, உனக்கே தெரியும்னு சொல்லிட்டு படுத்துடுச்சு. ஸ்டேஷன்ல எவ்ளோ அழுகை பாத்திருப்பேன், எதுக்கும் அசர மாட்டேன். ஆனா இவ சும்மா அழற பொண்ணு கிடையாது."

தலைமையாசிரியை முகம் சிவந்தது. "மாசம் எவ்வளவு கேரட் வாங்குறோம்னு தெரியுமாம்மா உங்களுக்கு? எங்க பிள்ளைங்க அது மேல உயிரையே வெச்சிருக்காங்க."

"போய் பாத்துடலாமே மேடம்," என்றார் கான்ஸ்டபிள், மிகவும் மரியாதையாக.

மூவரும் கொட்டகைக்குப் போகவும் இடைவேளை மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கூண்டைச் சுற்றி ஒரு திருவிழாக் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி இட்லியைப் பிட்டுப் போட்டாள். ஒருவன் பிஸ்கட் நீட்டினான். இன்னொருவன் கதவைத் திறந்து ஒரு முயலைக் காதைப் பிடித்துத் தூக்கி, தங்கச்சியிடம் கொடுத்தான். அவள் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அடுத்தவள் வாங்கினாள். முயல் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. மற்றொன்று மூலையில் பஞ்சு உருண்டைபோல் சுருண்டு கிடந்தது. அதன் தாடை எச்சிலில் நனைந்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் பேண்டு செட் பிள்ளைகள் சுதந்திர தினத்துக்கு ஒத்திகையை ஆரம்பித்தார்கள். பெரிய டிரம்மில் முதல் அடி விழுந்ததும் இரண்டு முயல்களும் துள்ளி விழுந்ததை மூவரும் பார்த்தோம்.

கான்ஸ்டபிள் கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "காலைலேர்ந்து நின்னுக்கினு இருந்ததுல எனக்கு உள்ளங்கால் எரியுது. இது எந்நேரமும் கம்பி மேலயே நிக்குதே மிஸ்."

கூண்டின் தரை முழுவதும் கம்பி வலைதான். நான் குனிந்து பார்த்தேன். முயலின் பின்னங்காலில் ரோமம் உதிர்ந்து தோல் சிவந்து புண்ணாகியிருந்தது.

"பிள்ளைங்க பாசத்துல செய்யறாங்க," என்றார் தலைமையாசிரியை. குரல் இறங்கியிருந்தது.

"அதான் மேடம் பிரச்சினையே. இத்தினி பேரு பாசம் வெச்சா அது தாங்குமா?"

தலைமையாசிரியை பிள்ளைகள் கையிலிருந்த முயலை வாங்கிக் கூண்டுக்குள் விட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்க. இன்னைக்கே," என்றார்.

அப்படித்தான் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் யூனிபாரத்தோடு ஒரு போலீஸும், அவர் மடியில் மூடிபோட்ட பிளாஸ்டிக் கூடையும், அதில் இரண்டு முயல்களுமாகக் காந்தி ரோட்டில் போனேன். வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்துவிட்டதை அவரிடம் நான் சொல்லவில்லை. பட்டுக்கடை வாசல்களில் வெளியூர்க் கார்களைக் கைகாட்டி அழைக்கும் ஆட்கள் எல்லாரும் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். சிக்னலில் ஒரு முயல் மூடி இடுக்கு வழியாகக் காதை வெளியே நீட்டியது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், முயல அரெஸ்ட் பண்ணிட்டீங்களா?"

"சாட்சிப்பா," என்றார் கான்ஸ்டபிள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "நீ சிக்னல பாரு."

அரசு கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டியும் கட்டுப்போட்ட நாயும் காத்திருந்தன. டாக்டர் இளம்பெண். முயலின் உதட்டை விலக்கிக் காட்டினார். பற்கள் வளைந்து நீண்டு கீழுதட்டில் குத்திக்கொண்டிருந்தன.

"முயலுக்கு ஆயுசு பூரா பல்லு வளந்துகிட்டே இருக்கும். புல்லு மென்னாதான் தேயும். நீங்க என்ன கொடுக்கறீங்க?"

"கேரட்," என்றேன். இட்லி, பிஸ்கட், எலுமிச்சை சாதம் என்று மீதியைக் கான்ஸ்டபிள் சொன்னார்.

"கேரட் அதுக்கு மிட்டாய் மாதிரி. எப்பயாவது ஒரு துண்டு போதும். இட்லி கிட்லி எல்லாம் வேணாம். புல்லுதான் சாப்பாடு." பல்லைச் சரிசெய்தார், காலுக்கு மருந்து போட்டார். கூண்டில் பலகைத் தளம் வேண்டும், ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும், வெயிலும் சத்தமும் கூடாது, அந்தரத்தில் தூக்கினால் அதற்குப் பருந்து கவ்வியதுபோல்தான் பயமாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இரண்டாவது முயலின் வயிற்றை மெதுவாகத் தடவினார். கை நின்றது.

"ரெண்டும் ஆண்னு சொன்னீங்களா?"

"அப்படித்தான் சொல்லி கொடுத்தாங்க."

"இது அம்மாவாகப் போகுது. சீக்கிரமே. முதல்ல ரெண்டையும் தனித்தனியா வைங்க."

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இந்தச் செய்தியைச் சொன்னேன். கைதட்டலில் மைதானமே அதிர்ந்தது. அந்த முயலுக்குப் பெயர் கொடுத்த ஹீரோவின் ரசிகர்கள் மட்டும் கொஞ்சம் குழம்பிப்போய் நின்றார்கள்.

அன்று மதியம் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து பேசினோம். முயல்களை வைத்துக்கொள்வதா, வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவதா என்று பிள்ளைகளிடமே கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் "வெச்சிக்கலாம் மிஸ்" என்றார்கள். கான்ஸ்டபிளின் மகள் மட்டும் எழுந்து நின்றாள். ஒல்லியான பெண், இரட்டைச் சடை.

"வெச்சிக்கலாம் மிஸ். ஆனா நாம அத தூக்கக் கூடாது."

"அப்புறம் எதுக்குடி முயலு?" என்றது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"கீழ உக்காந்துக்கினு சும்மா இரு. அதுக்குத் தோணுச்சுன்னா வரும். உன்ன எங்க மாமா வந்து டெய்லி தூக்கினா உனக்கு ஓகேவா?"

வகுப்பு சிரித்து உருண்டது. அவளுடைய மாமாவும் போலீஸ் என்பது எல்லாருக்கும் தெரியும். அத்தோடு அந்தச் சட்டம் நிறைவேறியது.

அப்புறம் வேலைகள் மளமளவென்று நடந்தன. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா, தறி செய்யும் ஆசாரி. நூலகத்துக்குப் பின்னால் புங்கமர நிழலில் இரண்டு அறை வைத்து மரவீடு ஒன்று செய்து கொடுத்தார். பலகைத் தளம், முன்னால் மண்தரையில் ஓடியாட வேலி போட்ட இடம். ஆண் முயல் அங்கே விட்ட முதல் நாளே முன்னங்காலால் மண்ணைப் பறித்துப் பெரிய பள்ளம் தோண்டிவிட்டது. தரையில் குழி வெட்டித் தறி பூட்டும் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், அது குழித்தறி போடுது!" என்று கத்தியது.

புல்லுக்கு மட்டும் முதலில் திண்டாடினோம். பிள்ளையாருக்கு மாலை கட்டி விற்கும் பூக்கார அம்மா ஒருவரின் பேரன் மூன்றாம் வகுப்பில் படித்தான். கட்டியதுபோக மிச்சமாகும் அருகம்புல்லைத் தினமும் அவன் கையில் கொடுத்தனுப்பினார் அந்த அம்மா. "சாமிக்குப் போனது போக முயலுக்கு. முயலும் சாமி கொடுத்ததுதானே?" என்றார், நன்றி சொல்லப் போன என்னிடம்.

ஒரு திங்கட்கிழமை காலை பெண் முயல் தன் மார்பு ரோமத்தைத் தானே பிய்த்து மெத்தை போட்டிருந்தது. அதற்குள் ஐந்து குட்டிகள், கண் திறக்காமல், கட்டைவிரல் பருமனில். டாக்டரைப் போனில் கேட்டேன். "தொந்தரவு பண்ணாதீங்க, அவ பாத்துக்குவா," என்றார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நூலகப் பக்கம் யார் சத்தமாகப் பேசினாலும் உதட்டில் விரலை வைத்து முறைத்தார்கள். பி.டி. சார் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கைதட்டியே பிள்ளைகளை ஓடவிட்டார்.

குட்டிகள் கண் திறந்து, பால் மறந்து, புல் கடிக்கத் தொடங்கியதும் அடுத்த பிரச்சினை வந்தது. பாதிப் பள்ளிக்கூடம் எனக்கொன்று எனக்கொன்று என்றது. தலைமையாசிரியை ஆண்டுவிழாவில் மேடையில் வைத்துக் குலுக்கல் போடலாம் என்றார். நான் கான்ஸ்டபிளுக்குப் போன் செய்தேன்.

"குலுக்கல்லாம் வேணாம் மிஸ். பாஸ்போர்ட்டுக்கே வீட்டுக்கு வந்து விசாரிக்கிறாங்க. முயலுக்கு விசாரிக்கக் கூடாதா?"

அவர் லீவு நாட்களில் நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போனோம். அவர் புடவையில்தான் வருவார். ஆனாலும் வாசலில் நின்று பார்க்கிற பார்வை காக்கியின் பார்வைதான். வீட்டில் நாய் இருக்கிறதா, மத்தியான வெயில் எங்கே விழுகிறது, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், புல்லுக்கு வழி என்ன என்று கேட்பார். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு அப்பா எல்லாவற்றுக்கும் கைகட்டிப் பதில் சொல்லிவிட்டு, "என் பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கும்போது நானும் இதையெல்லாம் கேக்கணும் போலக்குதே," என்றார். அவர் பாஸ்.

தாமலில் ஒரு வீட்டில் தாத்தா எங்களுக்கு மோர் கொடுத்து, அன்பாக உபசரித்து, ஏரிக்கரைப் புல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது என்றார். எங்களுக்குப் பரம திருப்தி. கிளம்பும்போது கேட்டார்:

"குழம்பு வெக்கிற அளவுக்கு வளர எத்தினி மாசம் ஆவும்மா?"

பேரன் "தாத்தா!" என்று அலறினான். தாத்தாவுக்கு என்ன தப்பு சொன்னோம் என்றே புரியவில்லை. கான்ஸ்டபிள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தாத்தா, நீங்க ஒருத்தர்தான் மனசுல இருக்கறத மறைக்காம சொன்னீங்க. ஆனா முயலு கிடையாது," என்றார். அந்தப் பையன் தினமும் நூலகத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துவிட்டு வந்தோம்.

நான்கு குட்டிகளுக்கு நல்ல வீடு கிடைத்தது. ஒரு பெண் குட்டியைத் தாய்க்குத் துணையாகப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டோம். மறுபடி குட்டிகள் வராமலிருக்க ஆண் முயலை எங்கே அனுப்புவது என்றபோது கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினார். போலீஸ் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் கொஞ்சம் புல்தரை இருக்கிறதாம். வீட்டில் நாய் இல்லையாம். ஊருக்குப் போனால் மாமியார் பார்த்துக்கொள்வாராம்.

"விசாரிக்க வேணாமா?" என்றேன்.

"வாங்க மிஸ், வந்து நல்லா விசாரிங்க," என்றார், கொஞ்சம் வெட்கத்துடன். போய் விசாரித்தேன். மாமியார் ஏற்கெனவே ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து வாசல் வெட்டி வைத்திருந்தார். மகள் எங்களைக் கவனிக்கவே இல்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முயல் வரும் வரைக்கும் காத்திருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

கோடை விடுமுறைக்குப் பள்ளி முயல்கள் இரண்டும் செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தன. தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் என் கணவர், "ஒரு மாசம்தானே, நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டாவது வாரம் அவர் பையில் டிபன் பாக்ஸுக்கு மேல் ஒரு கட்டுப் புல் இருந்தது. ரயிலடியில் கிடைத்ததாம். சும்மாதான் வாங்கினாராம். அன்று சாயங்காலம் மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவரின் செல்போன் சார்ஜரை இளைய முயல் இரண்டாகக் கடித்துப் போட்டது. நல்லவேளை, ஸ்விட்ச் போட்டிருக்கவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பல்லு நல்லாத்தான் தேஞ்சிருக்குது," என்றார்.

அன்றைக்கே வீட்டிலிருந்த ஒயர்களையெல்லாம் மேலே தூக்கிக் கட்டினோம்.