டாக்டர் ஊரில் இல்லை என்று நான் சொல்லாத நாள்

ஆஸ்பத்திரித் தரை கழுவுகிற கார்பாலிக் வாசனை... இத்தனை வருஷம் கழித்தும் எங்காவது அது மூக்கில் ஏறினால் என் தோள் இரண்டும் தானாகக் குறுகிக்கொள்ளும்.

இரண்டாம் உலக யுத்த காலம். தென்காசியில் ஒரு டாக்டர் சொந்தமாக நடத்திய ஆஸ்பத்திரியில் வேலைக்கு இருந்தேன். வயது இருபத்திரண்டு. கொழும்புக்குப் போன கணவரிடமிருந்து கடுதாசி நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மாவும் பள்ளிக்கூடம் போகிற தம்பியும். ஐந்தாவது வரை படித்திருந்ததால் மருந்துப் பாட்டிலில் ஒட்டிய சீட்டை வாசிக்கத் தெரியும். அதற்காகவே சேர்த்துக்கொண்டார்கள்.

பாட்டில் கழுவுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது... எதுவும் கஷ்டமில்லை. டாக்டரின் வாய்தான் கஷ்டம். வந்தவர்கள் முன்னாலேயே, "ஒன் புருசன் ஏன் திரும்பி வரலைன்னு இப்பல்லா தெரியுது" என்பார். கம்பவுண்டர் பிச்சையா அண்ணாச்சிக்கு நாற்பது வயது. அவரையும் "ஏலே" என்றுதான் கூப்பிடுவார். அண்ணாச்சி தலையை நிமிர்த்த மாட்டார். நானும்தான்.

வீட்டுக்கு வந்தால் பேசத் தெம்பிருக்காது. அம்மா கேட்டால் தலைவலி என்று படுத்துக்கொள்வேன். அங்கே வேலை பார்த்த மூன்று வருஷமும் எனக்குத் தலைவலிதான்.

மூன்றாவது வருஷம் குற்றால சீசனில் ஒரு நாள். சாரல் தென்காசி வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து டாக்டரின் சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் அருவிக்குப் புறப்படுகிற அவசரம்.

"யாரு வந்தாலும் டாக்டர் ஊர்ல இல்லன்னு சொல்லிரு. வெளங்குதா?"

தலையாட்டினேன்.

அவர் பின்வாசலுக்குப் போன கொஞ்ச நேரத்தில் அச்சன்புதூரிலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. உள்ளே வைக்கோல் மேல் ஒரு பெண். முந்தின நாள் காலையிலிருந்து பிரசவ வலி. வண்டி ஓட்டி வந்த புருஷன் நனைந்து நின்றான்.

"யம்மா, டாக்டரய்யா இருக்காவளா?"

சொல்லச் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை...

"பின்வாசல்ல கார்ல ஏறுதாவ. ஓடுங்க. காருக்கு முன்னால போய் நில்லுங்க."

ஓடினான். நின்றான். சிநேகிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது டாக்டரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. இறங்கி வந்தார். பிள்ளை தங்கவில்லை. தாய் பிழைத்துக்கொண்டாள்.

அவர் கை கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஒரு பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல. ஒனக்கு இங்கன என்ன சோலி? நாளையிலேருந்து வராண்டாம்."

தலை நிமிர்ந்து வெளியே வந்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மறுநாள் காலையில் மறுபடியும் போய், மன்னிப்புக் கேட்க வாசலில் நின்றேன். அவர் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனார். பார்க்கவே இல்லை.

பிச்சையா அண்ணாச்சிதான் வெளியே வந்தார்.

"ஏட்டி செண்பகம், இங்கன நிக்காத. பாளையங்கோட்டையில மருத்துவச்சி படிப்புக்கு ஆள் எடுக்காவளாம். பொம்பளையாளு கெடைக்கலையாம். நீ போ."

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி?"

"இந்தாளுகிட்ட மூணு வருசம் நின்னுருக்க. வேற எங்கன போனாலும் நின்னுருவ."

"அப்ப நீங்களும் வேற எங்கயாச்சும் போயிரலாம்லா?"

"எனக்கு நாலு பொம்பளப் பிள்ள" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போனேன். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. கண்ட வீட்டிலும் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறாள் என்று இரண்டு சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டார்கள். அம்மா மட்டும், "நீ போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

சேர்ந்த முதல் வாரமே ஒரு கண்ணாடி ஜாடியைப் போட்டு உடைத்தேன். ஓசை கேட்டுப் பெரிய நர்ஸ் வந்தார். நான் ஏச்சுக்காக நின்றேன்.

"கால்ல குத்திரப் போவுது. தள்ளி நில்லுங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

துணி அலசுகிற இடத்துக்குப் போய் ரொம்ப நேரம் அழுதேன்...

படிப்பு முடிந்ததும் திருவேங்கடம் என்ற ஊர்ப் பக்கம் வேலைக்குப் போட்டார்கள். கரிசல் காட்டில் ஊருக்கு ஊர் நடை. வெயில். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலைதான். எத்தனை பிள்ளைகள் என் கையில் விழுந்தன என்று கேட்டால் தெரியாது. அங்கேயும் அலுப்புதான். ஆனால் அந்த அலுப்பு காலோடு இருந்தது. படுத்து எழுந்தால் போய்விடும்.

போன வாரம் தம்பி மகள் சென்னையிலிருந்து போன் பண்ணினாள். ஆபீஸில் மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்துகிறாராம். "எப்படி அத்தை, நீங்க தைரியமா அந்த வேலைய விட்டீங்க?" என்று கேட்டாள்.

"நான் எங்கட்டி விட்டேன்? அவருல்லா வெளிய தள்ளுனாரு" என்றேன்.

தள்ளாமல் இருந்திருந்தால் அங்கேயேதான் கிடந்திருப்பேன். அதை அவளிடம் மறைக்க மனசு வரவில்லை.

எங்கள் காலத்தில் இதையெல்லாம் யாரிடமும் சொல்ல மாட்டோம். எல்லா வேலையும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். இவள் சொல்கிறாள்... அந்த மட்டுக்கும் காலம் மாறியிருக்கிறது.

லீவு போட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். வரட்டும். நாலு நாள் நன்றாகத் தூங்கட்டும்.