டர்போவும் மைதீனின் நாலாவது எலுமிச்சையும்

மைதீன் இறந்துவிட்டான்.

வழக்கமான என் அளப்பு இல்லை இது. நேற்று நான் போன் போட்டுச் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. "சும்மா இருங்க மாமா... இன்னைக்கு வேற யாரும் கெடைக்கலையா ஒங்களுக்கு?" என்று சிரித்துவிட்டு என் மருமகனே போனை வைத்துவிட்டான்.

ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இனிமேல் முடியாது. அதான் இங்கே எழுதுகிறேன்.

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த மைதீன். நான் போடுகிற ஜீப் போட்டோவில் எல்லாம் வண்டிக்கு அடியில் இருந்து ரெண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்குமே... அந்தக் கால்காரன்.

நேற்றுக் காலையில் லோடு லாரியை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. சாயங்காலமே அடக்கம். நானும் மண் அள்ளிப் போட்டேன். கை போட்டது... நான் சும்மா நின்றேன்.

அந்த லாரிகள் கிளம்பும்போது, எஞ்சினுக்குக் காற்றை ஊதி வேகம் கூட்டுகிற டர்போவில் இருந்து ஒரு விசில் வரும். இவனுக்கு அதில் ஒரு கிறுக்கு. பேசிக்கொண்டிருக்கிற பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்பான்.

"நம்ம வண்டியும் ஒருநா இப்படி விசிலடிக்கணும் வே. நான் மார்க்கெட்டுக்குள்ள ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரணும். அது போதும் எனக்கு."

'நம்ம வண்டி' என்பது சங்கரன்கோவிலில் என் வீட்டு ஷெட்டில் நிற்கும் பழைய டீசல் ஜீப். மேட்டில் ஏறும்போது எறும்பு ஹாரன் அடித்து ஓவர்டேக் பண்ணும். அதற்கு டர்போ மாட்டுவது என்று ரெண்டு கிழவன்களும் முடிவெடுத்தோம். ராக்கெட் விடுகிறவர்கள் கூட அவ்வளவு திட்டம் போட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் பழைய மேனிஃபோல்டு. எஞ்சின் கக்குகிற புகையை வாங்கி வெளியே அனுப்பும் இரும்புக் குழாய்... துருப்பிடித்து எஞ்சினோடு ஒரே உடம்பாகி இருந்தது. நாங்கள் ஸ்பானரில் தொங்கிய தொங்கலில் பூமியே லேசாகச் சாய்ந்து, ராயகிரிப் பக்கம் அன்றைக்குச் சூரியன் லேட்டாகத்தான் மறைந்ததாம்.

கழற்றியதும் எஞ்சின் பக்கவாட்டில் நாலு ஓட்டை தெரிந்தது. உள்ளே ஒரு நட்டு விழுந்தாலும் கதை முடிந்தது. ஊரில் எல்லாரும் துணி வைத்து அடைப்பார்கள். மைதீன் பையில் கையை விட்டு, பொடிப் பழமாக நாலு எலுமிச்சை எடுத்து, ஓட்டைக்கு ஒன்றாக வைத்து அழுத்தினான். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

"ஏம்வே, எலுமிச்சம்பழத்த சக்கரத்துக்கு அடியிலதான வைப்பாவ?"

"அது வண்டி கெளம்பும்போது. உம்ம சாமிக்கு. இது ரிப்பேருக்கு. ரெண்டுக்கும் சப்ளை நான்தான் வே."

போன ஞாயிற்றுக்கிழமை வேலை முடிகிற நாள். பழங்களை எடுத்துத் தட்டில் வைத்தோம். புகை கசியாமல் இடையில் வைக்கிற கேஸ்கெட் தகடு, புது மேனிஃபோல்டு, அதன் தலையில் டர்போ. நட்டெல்லாம் இறுக்கியாச்சு. ஆயிலும் ஊற்றியாச்சு. நான் சாவியில் கை வைத்தேன். பக்கத்து சீட்டில் மைதீன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

திடீரென்று என் கையைப் பிடித்தான்.

"திருப்பாதீரும் வே. தட்டுல மூணு பழந்தான் இருக்கு."

"நீரு சரியா எண்ணலையோ என்னமோ..."

"எலுமிச்சம்பழம் எண்ணுததுல என்னையவா சந்தேகப்படுதீரு? ஒண்ணு உள்ளதான் இருக்கு. ஸ்டார்ட் பண்ணுனா உம்ம டர்போ ஊறுகா ஆயிரும், பாத்துக்கிடும்."

கழற்றினோம். எல்லாவற்றையும். டார்ச் அடித்துப் பார்த்தோம், கம்பி விட்டுத் துழாவினோம்... நாலு ஓட்டையும் காலி. புது கேஸ்கெட் கிழிந்ததுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். "அப்படி என்னத்த தேடுதீய?"

"எலுமிச்சம்பழம்."

"மத்தியானம் ரெண்டு பேரும் சர்பத் குடிச்சியளே... அது பின்ன எதுல போட்டதாம்?"

மைதீன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "அதான பாத்தேன் தங்கச்சி! லேசா டீசல் வாடை அடிச்சுது!"

"நல்லா கழுவிட்டுத்தான் அண்ணே பிழிஞ்சேன்."

அடுத்த ஞாயிறு வேறு கேஸ்கெட் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்றான். மூன்று பழத்தோடு பையில் இருந்து இன்னொன்றையும் எடுத்து ஓட்டைகளை மறுபடி அடைத்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

"தங்கச்சி! நாலு இருக்கு. எண்ணி வச்சிட்டுப் போறேன்!"

அந்த அடுத்த ஞாயிறு நாளைக்கு.

வீட்டுக்காரி நேற்றில் இருந்து என்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறாள். "நான் அந்தப் பழத்த எடுக்காம இருந்திருந்தா, அன்னைக்கே அண்ணன் அந்த விசிலக் கேட்டிருப்பாவல்லா?"

எதைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பேன் நான். இதற்கு, அவள் பக்கத்தில் போய் உட்காரத்தான் முடிகிறது.

எதிர் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. கேஸ்கெட் வந்து, கவர் பிரிக்காமல் கிடக்கிறது. அவள் வைத்துவிட்டுப் போன டீ ஆடை கட்டிவிட்டது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஷெட்டைத் திறந்து பார்த்தேன். பழங்களின் தோல் லேசாகச் சுருங்கியிருக்கிறது... ஓட்டையை விட்டு அசையவில்லை.

போயிட்டு வாரும் வே மைதீன்.

நாலும் இருக்கு. எண்ணிட்டேன்.