தலைப்பிள்ளையின் ஊர்

இந்த நாட்டில் பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்கு அடியில் இருக்கும் அறைக்குப் போய் டோனட் தின்கிறார்கள். நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் எனக்கு இது அடுக்கவேயில்லை. தூத்துக்குடியில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கிய வாயோடு அரட்டை அடித்தாலே அம்மா முறைப்பாள். இங்கேயோ நன்மை தொண்டையில் இறங்குவதற்குள் சர்க்கரை தூவிய வளையம் கைக்கு வந்துவிடுகிறது. இப்போது மேசைக்கு முதலில் போகும் ஆளே நான்தான். சாக்லேட் போட்டது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அந்த மேசையில்தான் டோரத்தி பழக்கமானார். எண்பது வயதைத் தாண்டியவர், போலந்து வம்சம். ஒரு ஞாயிறு அவர் டோனட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன ஏது என்று கேட்டதும் கொட்டிவிட்டார். ரிச்சர்ட் என்று அவருக்கு ஒரு சித்தப்பா பேரன். போலந்தில் பூர்வீகக் கிராமத்துக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவுகளை இன்டர்நெட்டில் துருவி, குடும்ப வரைபடம் ஒன்று போட்டிருக்கிறான். கொள்ளுத்தாத்தா, அவருக்கு முந்தியவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். டோரத்தியின் அப்பா பெயர் மட்டும் கோயில் பதிவில் இல்லை. அப்பாவின் தம்பி தங்கைகள் அமெரிக்காவில் பிறந்தவர்கள். அப்பா ஒருவர்தான் போலந்தில் பிறந்து கைக்குழந்தையாகக் கப்பலேறியவர். அதனால் ரிச்சர்ட் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டான்.

“கப்பலில் யாரோ விட்டுப்போன பிள்ளை என்று சொந்தக்காரர்கள் அப்போதே பேசுவார்கள்” என்றார் டோரத்தி. “அப்பாவுக்கும் அது தெரியும். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நான் போவதற்குள் அந்தக் கேள்விக்குறி போக வேண்டும்.”

எனக்கு ரிச்சர்ட் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. செத்துப்போன மனுஷன் பெயருக்குப் பக்கத்தில் கொக்கி போட இவன் யார்? நம் ஊரில் பூர்வீகத்தை யாரும் தேட வேண்டாம், அதுவே தேடி வரும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், “நீ இன்னார் மகள்தானே? உங்க சித்தப்பா கல்யாணத்துல பாயசம் பத்தலையே!” என்று ஆரம்பித்துவிடுவார். தொந்தரவுதான். ஆனால் கேள்விக்குறிக்கு இடமில்லை.

மறு ஞாயிறு டோரத்தியை வீட்டுக்கு அழைத்து வந்தேன். காபியும் ஊர் மக்ரூனும் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தோம். என் மகள் ஷாரன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“உங்கள் அப்பாதான் தலைப்பிள்ளையா?”

“ஆமாம்.”

“அப்புறம் ஏன் அவர் தகப்பன் ஊரில் தேடுகிறீர்கள்? அவர் தாய் ஊரில் அல்லவா தேட வேண்டும்!”

டோரத்திக்கு விளங்கவில்லை. “புருஷன் வீடு இருக்கும்போது அவள் ஏன் அங்கே போகிறாள்?”

“ஃபர்ஸ்ட் பேபி, மதர்ஸ் ஹவுஸ். தட் இஸ் தி ரூல்.”

“யார் போட்ட ரூல்? போப்பாண்டவரா?”

“அவருக்கும் மேலே. எங்க அம்மா!”

ரிச்சர்ட் எடுத்திருந்த தாத்தா பாட்டியின் கல்யாணப் பதிவில் பெண்ணின் ஊர் இருந்தது. அது வேறு கிராமம், வேறு கோயில். அந்தக் கோயில் பதிவுகளைப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனோம். காபி ஆறியது. திடீரென்று டோரத்தி என் மணிக்கட்டைப் பிடித்தார். டோரத்தியின் அப்பா பெயர், அவருடைய தாய் பெயர், ஞானத்தாய் பெயர், எல்லாம் லத்தீனில் இருந்தன. அந்தப் பிள்ளையின் தகப்பன் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டே சொல். அதற்கு லத்தீன் தெரிய வேண்டியதில்லை. ‘இன் அமெரிக்கா.’

“வேலைக்கு வந்திருக்கிறார்” என்றார் டோரத்தி. “என் தாத்தா வேலைக்கு வந்திருக்கிறார்.” திரையில் விரலை வைத்துக்கொண்டு அழுதார். நானும்தான். என் ரூல் போலந்தில் செல்லுமோ என்னவோ, புருஷன் கடல் கடந்து போனவள் பிள்ளை பெற அம்மாவிடம் போயிருக்கிறாள். எந்த நாடானாலும் வேறெங்கே போவாள், பாவம்.

ஷாரன் பிறந்ததும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் எட்வின் இங்கே ஐ.டி. வேலையில், நான் தூத்துக்குடியில் அம்மா வீட்டில். ஞானஸ்நானத்தன்று சாமியார், “தகப்பன் எங்கேம்மா?” என்றார். நான் வாயைத் திறக்குமுன் என் சித்திமார் அத்தனை பேரும் ஒரே குரலில், “அமெரிக்காவுல!” என்றார்கள். கோயிலே சிரித்தது. நான் மட்டும் பிள்ளையின் உடுப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ரிச்சர்ட் கேள்விக்குறியை அழித்துவிட்டான். டோரத்தி இப்போது இரண்டு டோனட் எடுக்கிறார்.

வரும் வசந்தத்தில் ஷாரனுக்கு இதே கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை டெக்சாஸ் பையன். ஞானஸ்நானச் சான்றிதழ் புதிதாக வாங்க வேண்டுமென்று தம்பியைத் தூத்துக்குடியில் நம் கோயிலுக்கு அனுப்பினேன். அங்கிருந்தே போன் செய்தான்.

“எக்கா, கல்யாணம் முடிஞ்சதும் அங்கேருந்து தகவல் அனுப்பணுமாம். ஞானஸ்நானப் பதிவுல பிள்ளை பேருக்குப் பக்கத்துல எழுதணும்னு சாமியார் சொல்லுதாரு. அதுக்குன்னு இடம் விட்டுருக்காவ, நான் பார்த்தேன். சும்மாதான் கிடக்கு.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஷாரன், “பட் ஐ வாஸ் ஜஸ்ட் எ பேபி தேர்!” என்றாள்.

“இருக்கட்டும்டி” என்றேன். “நாளைக்கு உன்னை யாராவது தேடி வந்தா, முதல்ல அங்கே போய்ப் பார்க்கச் சொல்லு.”