வெல்டிங் அக்கா போட்ட கேட்

வெல்டிங் அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் தெரிவது அவளுடைய இடது புருவத்தில்தான். அதில் பாதி எப்போதோ தீப்பொறி பட்டுப் பொசுங்கிப்போனது. மீதிப் பாதி மேலே ஏறியதென்றால், எதிரே நிற்பவர் வாடிக்கையாளரானாலும் சரி, நகராட்சித் தலைவரானாலும் சரி, பேச்சைச் சுருக்கிக்கொண்டு இடத்தைக் காலி செய்வது நல்லது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். அவளுடைய தம்பிக்கும் தெரியும். கவுன்சிலரான பிறகு மறந்துபோனான், அவ்வளவுதான்.

அவள் ஆசைப்பட்டுப் பட்டறைக்கு வந்தவள் அல்ல. பட்டறை வைத்திருந்த புருஷன் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனார். பாதியில் நின்ற கிரில்கள் பட்டறையில் கிடந்தன. அவர் கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல, இவள் பற்றவைத்துப் பழகினாள். முதல் ஜன்னல் கோணிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

"ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"உள்ளே படுத்திருக்காரு. உங்க கேட்டும் படுத்துக்கணும்னா சொல்லுங்க, கூப்பிடுறேன்."

உள்ளேயிருந்து அவர் சிரிக்கிற சத்தம்தான் பலமாகக் கேட்கும்.

கட்டில் கிடந்தது ஜன்னலோரம். ஜன்னலுக்கு எதிரே மைதானத்தின் மதில். அங்கே ஆடிய கால்பந்து கிளப் அந்தத் தெருக்காரர்களே சேர்ந்து தொடங்கியது. மதிலுக்குப் பின்னால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கூச்சலை வைத்தே அவர் சொல்லிவிடுவார்: இது கோல், இது கம்பத்தில் பட்டு வெளியே போனது, இது நடுவரைத் திட்டுவது. மேட்ச் இருக்கிற நாளில் வலி மாத்திரையைக்கூட மறந்துவிடுவார். அதனால்தான் அக்காவுக்கு அந்தக் கிளப்மேல் உயிர். பந்தாட்டத்தில் யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பிறகு ஒருநாள் நகராட்சி, பார்வையாளர் கூரை பழசாகிவிட்டது, ஆபத்து என்றது. ஒரே ஒரு சீசன் என்று சொல்லி, கிளப்பை ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற புது ஸ்டேடியத்துக்கு அனுப்பினார்கள். கூரையை இடித்தார்கள், புதிதாகப் போடவில்லை. சீசன்கள் வந்து வந்து போயின. மேட்ச் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். நடக்க முடிந்தவர்களே போகவில்லை. அவர் எங்கே போவது? ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் தம்பி தேர்தலில் நின்றான். பட்டறையில் சில வருஷம் இருந்தவன்தான், ஆனால் கையில் கரி படாமல் இருந்தவன். வாயால் வேலை செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"நான் ஜெயிச்சா முதல் வேலை கிளப்பைத் திரும்பக் கொண்டு வர்றதுதான்க்கா. மாமா ஜன்னலைத் திறக்கணும், நான் பார்க்கணும்."

அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஓட்டுப் போடாவிட்டால் கிரில் பழுது பார்க்க வரமாட்டேன் என்றுகூட இரண்டு பேரை மிரட்டியதாகக் கேள்வி. தம்பி ஜெயித்தான்.

ஜெயித்தவன் செய்த முதல் வேலை, மைதானத்துக்கு ஒரு பெரிய இரும்புக் கேட். "கண்டவனும் குப்பை கொட்டுறான்க்கா. கிளப் வர்ற வரைக்கும் பத்திரமா இருக்கட்டும். நீயே செஞ்சு கொடு."

அவளும் செய்தாள். வெளிக் கேட் போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: தூணில் கேட்டைத் தாங்குகிற கீழ்க் கீலின் முளை மேலே பார்த்து நின்றால், மேல் கீலின் முளையைக் கீழே பார்த்துத் திருப்பிப் பற்றவைப்பார்கள். அப்போதுதான் யாரும் கேட்டைத் தூக்கிக் கழற்ற முடியாது. அக்கா இரண்டையும் மேலே பார்த்தே வைத்தாள்.

ஜன்னல் இடுக்கு வழியாகப் புருஷன் பார்த்துவிட்டார். "ஏய், மேல் முளை தப்பா நிக்குது."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு. பேசாம படுங்க."

இரண்டு வருஷம் தம்பி எல்லோருக்கும் டிமிக்கி கொடுத்தான். கடைசியில் கிளப்பே கடன்பட்ட மாதிரி அலைந்து, போட்டிகளை நடத்துகிற லீக்கிடம் பழைய மைதானத்துக்குத் திரும்ப அனுமதி வாங்கியது. லீக் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. குறித்த நாளில் பழைய மைதானத்தில் ஒரு மேட்ச் நடத்திக் காட்ட வேண்டும். நடக்காவிட்டால் புது ஸ்டேடியம்தான் நிரந்தரம்.

அனுமதி வந்த அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. மைதானத்தில் கார் நிறுத்த மாடி மாடியாகக் கட்டடம் வரப்போகிறது. முன்னால் நின்று பேசி முடித்தவன் தம்பி. அக்கா போன் செய்தாள், எடுக்கவில்லை. அம்மாதான் போனில் வந்து, "கூடப் பிறந்தவனை ஊர் முன்னாடி அசிங்கப்படுத்தாதடி" என்றாள்.

"ஊரை அசிங்கப்படுத்தினது யாரும்மா?" என்று கேட்டுவிட்டு அக்கா வைத்துவிட்டாள். வைத்த பிறகு கொஞ்சம் அழுதாள். தூக்கி வளர்த்த தம்பி அல்லவா.

மேட்ச் அன்று கேட்டில் தம்பி போடவைத்த சங்கிலி, தேங்காய் அளவுக்குப் பூட்டு. ஆட்டக்காரர்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தெரு முழுக்க ஜனம். லீக் ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். போலீஸ் ஜீப் ஓரமாக நின்றது. பூட்டில் கை வைத்தால் வழக்கு, வழக்கு வந்தால் மேட்ச் ரத்து. கிளப் செயலாளர் கையைப் பிசைந்தார்.

"அக்கா, கட்டரை எடுத்துட்டு வாங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"பூட்டை எவனாவது தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்." புருவம் ஏறியிருந்தது. "எட்டு பேர் இந்தப் பக்கம் வாங்க. கீல் பக்கம். நான் சொன்னதும் ஒண்ணா தூக்கணும்."

தூக்கினார்கள். கேட் முளையைவிட்டு மேலே எழும்பியது. அப்படியே ஏந்தி, சங்கிலி போட்ட பக்கமாகச் சுற்றி நடந்து மதிலில் சாய்த்தார்கள். பூட்டு பூட்டியபடி இருக்க, கேட் கீல் பக்கமாகத் திறந்துகிடந்தது. பஸ் உள்ளே போனது. பின்னாலேயே தெரு உள்ளே போனது.

இன்ஸ்பெக்டர் வந்தார். "பூட்டை உடைச்சது யாரு?"

"நீங்களே பாருங்க சார். ஒரு கீறல் இல்லை."

அவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பினார்.

மேட்ச் தொடங்கிய பிறகுதான் தம்பி வந்தான். சாய்ந்து நின்ற கேட்டைப் பார்த்தான், தூணில் துருத்திக்கொண்டிருந்த இரண்டு முளைகளையும் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"தெரிஞ்சேதான் இப்படிச் செஞ்சியா? எனக்காக ஓட்டுக் கேட்டு நாலு நாள்கூட ஆகலையேக்கா அப்போ. அப்பவே என்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பினேன்டா. அதனாலதான் கேட்டே செஞ்சேன்." அவள் தூணில் நின்ற முளையைத் தட்டிக் காட்டினாள். "நீ வளர்ந்ததைப் பார்த்தவ நான். அதனால முளையை மட்டும் இப்படி வெச்சேன்."

உள்ளே கூச்சல் எழும்பியது. எதிர்ஜன்னல் படாரென்று திறந்து, "கோல்! இது கோல்தான்!" என்று அவர் குரல் கேட்டது.

"கேட்டைத் திரும்ப மாட்டுக்கா," என்றான் தம்பி. "மரியாதையா சொல்றேன்."

"மாட்டலாமே. எட்டு பேர் வேணும். இந்தத் தெருவுல உனக்குன்னு எட்டு பேர் இருந்தா கூட்டிட்டு வா."

அவன் தெருவைப் பார்த்தான். தெரு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தது.