சித்தி வீட்டுக்கு வந்த சனி, ஞாயிறு

அந்த ஆகஸ்ட் விடுமுறையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என்னைவிடச் சந்தோஷமாக இருந்த பிள்ளை எதுவும் இல்லை. பதுளை ஆஸ்பத்திரியில் வாரக்கணக்காகப் படுத்திருந்த சித்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோ நின்றதும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்து கட்டிலில் படுக்கவைத்தார்.

சித்தி அம்மாவின் தங்கை. பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தவள். சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்டாள். அதிலிருந்து அவளுக்கு உப்பு கூடாது, கருவாடு கூடாது, வாழைப்பழம் கூடாது. தண்ணீரைக்கூட அம்மா அளந்துதான் கொடுப்பாள். அம்மா கொழுந்து பறிக்கப் போகும் நேரங்களில் காவல் வேலை என்னுடையது. சித்தி குடத்துப் பக்கம் திரும்பினாலே நான் கத்துவேன். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது.

அன்று அடுப்படியில் அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: “இனிமே ஒன்னும் தடுக்க வேணாம்னுட்டாரு டாக்டரு. ஆசப்பட்டதெல்லாம் குடுங்கன்னாரு.”

அம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். அது ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு அதற்குமேல் கேட்கப் பொறுமையில்லை. வெளியே ஓடி, ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் விஷயத்தைப் போட்டுடைத்தேன்.

“சித்திக்குச் சொகமாயிருச்சு! எத வேணும்னாலும் சாப்புடலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு!”

“அப்படியாடி?” என்றார் அவர். பொழுது சாய்ந்ததும் முந்தானையில் நாலைந்து கோழிமுட்டைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சும்மா ஒரு முட்டைகூட யாருக்கும் கொடுக்காதவர். நல்ல செய்தி கொண்டுபோனதற்கான பரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு அம்மா போகவில்லை. அதுவே எனக்குத் திருவிழா. மழை இல்லாமல் தேயிலை காய்ந்து கிடந்த மாதம் அது. காலையிலிருந்தே காற்று தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. பீலியில் குளிக்கவேண்டும் என்றாள் சித்தி. அப்பா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பீலிக்கருகில் போட்டார். அவளை உட்காரவைத்து அம்மா தண்ணீர் ஊற்றினாள். கால்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. சித்தி முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்து, விழுந்த தண்ணீரைக் குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். நான் பழக்கத்தில் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மறுபடியும் ஒரு வாளி நிறைத்து ஊற்றினாள்.

மத்தியானம் லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் பாய் விரித்துப் படுத்தோம். அம்பரெல்லாக் காயைச் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அம்மா கொண்டுவந்தாள். சித்தி ஒரு துண்டை எடுத்து உப்பை மட்டும் நக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“நல்லா இருக்குக்கா,” என்றாள்.

“இன்னும் கொஞ்சம் உப்புப் போடவா?”

“போடு.”

ஞாயிற்றுக்கிழமை ரொட்டி, கட்டாச் சம்பல், வெங்காயம் போட்டுப் பொரித்த நெத்தலி. வீடு முழுக்கக் கருவாட்டு வாசம். பாட்டுப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வரும் ஐஸ்கிரீம்காரரை அப்பா பாதைவரை ஓடிப்போய் நிறுத்தினார். அப்பா ஓடி நான் பார்த்ததே இல்லை. சித்தி எல்லாவற்றிலும் ஒரு வாய்தான் எடுத்தாள். மிச்சமெல்லாம் என் தட்டுக்கு வந்தது. சித்திக்குப் பொரித்த நெத்தலியில் பாதிக்குமேல் நான்தான் தின்றேன். ஆனாலும் எனக்குப் பொறாமை தீரவில்லை. இரண்டாவது ஐஸ்கிரீம் கேட்டபோது, இருமல் வரும் என்று அம்மா மறுத்துவிட்டாள்.

“எனக்கு எப்பம்மா டாக்டரு அப்படிச் சொல்லுவாரு? ஆசப்பட்டதெல்லாம் குடுங்கன்னு?”

அம்மாவின் கை என் முதுகில் விழுந்தது. ஓங்கி ஒரே அடி. அப்பா தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். நான் ‘ஓ’வென்று அழுதேன். சித்தி மட்டும் சிரித்தாள். சிரிப்பு மூச்சிரைப்பில் முடிந்தது. என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து முதுகைத் தடவினாள்.

“அக்கா, அதப் போயி அடிக்கிறியே. இங்க பாருடி, ஒனக்கு ஒரு டாக்டரும் அப்படிச் சொல்ல வேணாம். கேட்டுக் கேட்டு, இப்படி அடி வாங்கியே சாப்புடு. கெழவியாகுற மட்டும் சாப்புடு.”

தனக்குக் கிடைத்த சலுகையை எனக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை சித்தி சாப்பாடு வேண்டாம் என்றாள். செவ்வாய்க்கிழமை பேசவில்லை. புதன்கிழமை விடியும்போது அம்மாவின் அழுகைச் சத்தத்தில்தான் விழித்தேன். லயத்து ஆட்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அது எனக்குக் கோபமாக இருந்தது. இவ்வளவு பெரிய அநியாயம் நடந்திருக்கிறது, ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லையே.

சித்தியைப் புதைத்துவிட்டுத் திரும்பிவந்த அப்பா, ஈரத் தலையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“சித்திய சொகமாக்கித்தானேப்பா வீட்டுக்கு அனுப்புனாங்க?”

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார்.

“ஆமாம்மா,” என்றார்.

அப்பா பொய் சொல்லமாட்டார். ஆகவே சித்தி சுகமாகித்தான் வந்தாள் என்றும், அந்தச் சனி, ஞாயிறுக்குப் பிறகு வேறு ஏதோ ஒரு நோய் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது என்றும் நான் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.