உள்ளங்கைச் சூடு

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடை பார்க்கிறார். பெருமூச்சு ஒன்று விட்டால் போதும், அந்தத் தராசில் எண்கள் தாறுமாறாக ஓடும். இடுக்கியால் சுவர்க்கோழிப் பூச்சியைப் பிடித்துக் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, தட்டில் வைத்து, எண் அசையாமல் நின்றதும் எழுதிக்கொண்ட பிறகுதான் மூச்சு வெளியே வரும். இருபது வருஷப் பழக்கம். கடையில் தக்காளி நிறுக்கும்போதும் இப்படியே நிற்கிறாராம். மனைவி தலையில் அடித்துக்கொள்கிறார்.

பூச்சி ஆய்வுக்கூடத்தில் அவர் உதவியாளர். அலமாரி அலமாரியாக இருக்கும் நானூறு சுவர்க்கோழிகளுக்குத் தீனி போடுவதும் ஈரப் பஞ்சு மாற்றுவதும் அவர் பொறுப்பு. கட்டடம் முழுக்க அவருக்குப் பெயர் கோழிக்காரர். புதிதாக வந்த காவலாளி மூன்று மாதம் அவரிடம் முட்டை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பூச்சிகளின் கிறீச்சொலி இல்லாவிட்டால் கோழிக்காரருக்கு ஒன்றும் ஓடாது. லீவு நாளில் வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று குறைப்படுவார், மனைவியும் இரண்டு மகள்களும் வாய் ஓயாமல் பேசும் வீட்டை!

அங்கே நடக்கும் ஆராய்ச்சியை அவரைப் போல விளக்க ஆளில்லை. "குளிர் நேரா கொல்றதில்லைங்க. ரத்தத்துல இருக்கிற தண்ணி குடலுக்குள்ள இறங்கிடுது. உப்பு இடம் மாறிப்போகுது. அப்புறம் கால் அசையாது, நம்மாளு மல்லாந்துடுவாரு." உடம்புக்குள் தண்ணீரை எங்கே நிறுத்துவது, எவ்வளவு வெளியேற்றுவது என்று உத்தரவு போடுவது ஒரு ஹார்மோன். அதை முன்கூட்டியே ஊசியில் கொடுத்தால் குளிரிலும் தண்ணீர் இருந்த இடத்தில் இருக்குமா, பூச்சி சீக்கிரம் எழுமா என்பதுதான் கேள்வி. மூன்று வருஷமாக அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறாள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி.

பாதிப் பூச்சிகளுக்கு ஹார்மோன், மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எது எதற்கு என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். கோழிக்காரருக்குத் தெரிவது குழாயின் எண் மட்டும். ஒரு முழு நாள் ஐஸ் பெட்டியில் கிடந்த குழாய்களை மேஜையில் அடுக்கி, ஸ்டாப் வாட்ச்சைத் தட்டிவிட்டு உட்காருவார். பூச்சி புரண்டு ஆறு காலிலும் நின்றதும் "எந்திரிச்சாச்சு" என்பார். நிற்பதற்கும் நிற்கப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர் கண்ணுக்குத்தான் பிடிபடும்.

ஆய்வேட்டைக் கொடுக்க ஏழு வாரம் இருக்கையில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்திருந்தன. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "அந்த ஹார்மோன் ஒண்ணுமே பண்ணலண்ணா. மூணு வருஷமும் வீண்."

வாங்கி வந்த டீயைக் கோழிக்காரர் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். பாதி எழுந்த பின்னும் மீதி மல்லாந்தபடி ஒற்றைக் காலை உதறிக்கொண்டிருக்கும். அவருக்கு மனசு கேட்காது. அவள் பார்க்காதபோது அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் ஒரு நிமிஷம் பொத்தி வைத்துவிடுவார். சூடு பட்டதும் பூச்சி எழுந்துவிடும். பின்தங்க வேண்டியவற்றை எல்லாம் அவரே தூக்கி நிறுத்தியிருக்கிறார்.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் வேலை போகும். இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் காலை அவள் முன்னால் போய் நின்றார்.

"எந்திரிக்க முடியாம கிடந்ததை எல்லாம் நான்தாம்மா கையில வச்சு சூடு காட்டினேன். பாவமா இருந்துச்சு."

எத்தனை என்று கேட்டாள். கணக்கு வைக்கவில்லை என்றார். அவள் முகம் சிவந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் குறுக்கே கோடு போட்டாள். ஒவ்வொரு கோடும் அவர் நெஞ்சில் விழுந்தது. கடைசிப் பக்கமும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள். வேறு ஆளைப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

"மறுபடி பண்ணலாம். நீங்களே பாருங்க. ஆனா தொடக்கூடாதுண்ணா."

இன்று முதல் தட்டு. இருபது குழாய். பத்து பூச்சிகள் மளமளவென்று எழுந்துவிட்டன. அதன்பின் பெரிய இடைவெளி. பிறகு ஒவ்வொன்றாக, சாவகாசமாக, ஒன்பது. எண்களைக் கேட்டு அவள் குறிக்கிறாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பதினேழாம் எண் இன்னும் மல்லாந்து கிடக்கிறது. பின்னங்கால் ஒருமுறை உதறுகிறது, நிற்கிறது, மறுபடி உதறுகிறது. கோழிக்காரர் குழாயைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். பிறகு நாற்காலியில் சற்றே எழும்பி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொள்கிறார்.